முகம் எரிகிறது என்றால் சிரிக்காதீர்கள்



இந்தச் சுகாதாரப் பகுதியில் இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, டெங்கிக் காய்ச்சல், எலிக் காய்ச்சல் என்று பெரிய நோய்களைப் பற்றித்தான் வழக்கமாக எழுதுவோம். இந்த முறை சின்ன விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். முகம் கழுவுவது. "மூஞ்சி கழுவ எங்களுக்குத் தெரியாதா? அதுக்கும் டிரெசர் பாடம் நடத்தணுமா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுத்துக் கடைசி வரை படியுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்பு ஓர் அம்மா கிளினிக்குக்கு வந்தார். செம்பனைக் காட்டில் மருந்தடிக்கும் வேலை. வயது நாற்பதுக்கு மேல். "சார், பைப்புத் தண்ணியில மூஞ்சி கழுவுனா திகுதிகுன்னு எரியுது. ரெண்டு கன்னமும் செவந்து போவுது" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்கள் சிரித்தார்கள். "என்னா அக்கா, சினிமாவுல நடிக்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் எனக்கும் சிரிப்பு வந்தது. காய்ச்சல்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு சின்ன டியூப் ஸ்டீராய்ட் மருந்தைக் கையில் கொடுத்து, "காலையில மாலையில தடவுங்க" என்று அனுப்பி வைத்தேன். இரண்டு நிமிஷ வேலை.

பல மாதம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். கன்னத்துத் தோல் காகிதம் போல மெலிந்து, சிவப்பு நரம்புகள் நூல் நூலாகத் தெரிந்தன. "நீங்க குடுத்த அதே மருந்த டவுன்ல வாங்கிப் போட்டேன் சார். போட்டா நல்லா இருக்கு. உட்டா நெருப்பா எரியுது" என்றார். முகத்தில் ஸ்டீராய்ட் மருந்தை நாள்கணக்கில் பூசினால் அப்படித்தான் ஆகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், எத்தனை நாள் போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லாமல் விட்டது என் குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், அன்றைக்கு மூன்று கேள்விகளைக் கேட்காமல் விட்டதுதான். என்ன சவுக்காரம் போடுகிறீர்கள்? எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? கழுவுவதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்?

முகம் எரிவது அழகுச் சமாச்சாரம் அல்ல என்பது என்னுடைய கருத்து. தோட்டத்தில் அது பாதி நம் பழக்கத்தின் சமாச்சாரம், பாதி தண்ணீரின் சமாச்சாரம். பழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ளலாம், காசு செலவில்லை. தண்ணீரைச் சரி செய்ய வேண்டியது நிர்வாகத்தின் கடமை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு நடுவில் கிரீம் வாங்கிப் பணத்தை விடுகிறோம்.

பட்டையும் தோலும்

பால் மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பட்டையை மெல்லிசாகச் சீவினால் பால் வரும், மரமும் நிலைக்கும். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், பிறகு அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மரத்துக்குப் பட்டை எப்படியோ, நமக்குத் தோல் அப்படி. தோலின் மேற்பரப்பில் மெல்லிய எண்ணெய்ப் பசையும் லேசான புளிப்புத் தன்மையும் உண்டு. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் மருந்து, தூசி, கிருமியை உள்ளே விடாமலும் காப்பது அந்தக் காவல்தான்.

கட்டிச் சவுக்காரத்துக்குக் காரத்தன்மை. தோலின் அளவு சுமார் 5 என்றால் சாதாரணச் சவுக்காரம் 9, 10 வரை இருக்கும். ஒரு நாளைக்கு நாலு தரம் சவுக்காரம் போட்டு, வலைத் துணியால் தேய்த்து, சுடுதண்ணீர் ஊற்றினால் அந்தக் காவல் கரைந்து போகிறது. அதற்கப்புறம் நல்ல தண்ணீர் பட்டால்கூட எரியும். புண்ணில் தண்ணீர் பட்டால் எரிவதில்லையா? அதே கதைதான். நாம் என்ன சொல்கிறோம்? "பைப்புத் தண்ணி சரியில்ல" என்கிறோம். பல பேர் விஷயத்தில் தண்ணீர் மேல் பழி, குற்றவாளி கையில் இருக்கிற சவுக்காரம்.

என் தாயார் எண்பதுகளில் பால் மரம் வெட்டியவர். ஸ்டோரில் பால் உறைய வைக்கும் ஆசிட் வாடை எப்போதும் அவர் கையில் இருக்கும். வேலை முடிந்து வந்ததும் துணி துவைக்கும் சவுக்காரத்தால் கை, கால், முகம் எல்லாவற்றையும் ஒரே தேய்ப்பாகத் தேய்ப்பார். "அழுக்குப் போவ வேணாமாடா?" என்பார். கஷ்டப்பட்டு உழைக்கிறவர்களுக்கு அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அது தப்பு. அழுக்கைக் கழுவுவது தண்ணீரும் நேரமும். பலம் தேவையில்லை.

எப்படிக் கழுவுவது?

முகம் எரிகிறவர்கள் இரண்டு வாரம் இதைச் செய்து பாருங்கள்.

1. முதலில் கையைக் கழுவுங்கள். கைக்குச் சவுக்காரம் போடலாம். ஆசிட், பால், உரம், மருந்து எல்லாம் கையில் இருக்கும். அந்தக் கையோடு முகத்தைத் தொட்டால் கழுவுவதாக நினைத்துக்கொண்டு விஷத்தைப் பூசுகிறோம்.

2. தண்ணீர் பச்சையாக இருக்கலாம், இளஞ்சூடாக இருக்கலாம். சுடுதண்ணீர் வேண்டாம்.

3. காலையில் வெறும் தண்ணீர் போதும். வேலை முடிந்து வந்ததும் ஒரு தரம் மட்டும் வாசனை இல்லாத, மென்மையான முகக் கழுவியைப் பயன்படுத்துங்கள். அது விலையாகத் தெரிந்தால் கிளினிக்கில் அக்குவஸ் கிரீம் கேளுங்கள். சவுக்காரத்துக்குப் பதிலாக அதைத் தடவிக் கழுவலாம். ஆனால் கழுவி விட வேண்டும். அப்படியே பூசி விட்டால் சிலருக்கு எரியும். துணிச் சவுக்காரம், தட்டுக் கழுவும் மருந்து, கிருமிநாசினி மூன்றும் முகத்துக்கு ஆகாது.

4. விரல் நுனியால் வட்டமாகத் தடவுங்கள். அரை நிமிஷம் போதும். நார், வலைத் துணி, கல் எதுவும் வேண்டாம்.

5. நுரை நிற்காமல் நன்றாக அலசுங்கள். மயிர் ஓரம், காதோரம், மோவாய்க்கட்டைக்குக் கீழே சவுக்காரம் தங்கிவிடும்.

6. சுத்தமான துண்டால் ஒற்றி எடுங்கள். காட்டில் கழுத்தில் போட்டு வேர்வை துடைத்த குட் மார்னிங் துண்டு முகத்துக்கு வேண்டாம்.

7. ஈரம் முழுக்கக் காயும் முன்பே வாசனை இல்லாத வேஸ்லின் கொஞ்சம் எடுத்து மெல்லிசாகத் தடவுங்கள். முகப்பரு உள்ளவர்கள் வேஸ்லினுக்குப் பதில் எண்ணெய்ப் பசை குறைந்த ஈரக் கிரீமைக் கேட்டு வாங்குங்கள்.

பாசிப்பயறு மாவு போடலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நைஸாக அரைத்து, குழைத்து, தேய்க்காமல் கழுவினால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். தோல் வெடித்து எரிகிற சமயத்தில் அதுவும் வேண்டாம். எலுமிச்சம்பழச் சாறு மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். பற்பசை தடவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. மருந்தோ ஆசிட்டோ முகத்தில், கண்ணில் தெறித்தால் இந்த மென்மைக் கணக்கு எதுவும் இல்லை. கிடைக்கிற சுத்தமான தண்ணீரை உடனே ஊற்றி, கண்ணைத் திறந்து வைத்து, குறைந்தது 15 நிமிஷம் விடாமல் கழுவுங்கள். பிறகு மருந்து டப்பாவின் லேபிளோடு கிளினிக்குக்கு ஓடி வாருங்கள்.

கிரீம் வியாபாரம்

முகம் சிவந்தால், அல்லது வெயிலிலும் பிள்ளைப்பேற்றிலும் கன்னத்தில் மங்கு விழுந்தால் (பால் மங்கைச் சொல்லவில்லை, கறுப்புத் திட்டைச் சொல்கிறேன்) நம் பெண்கள் பசார் மாலாமுக்குத்தான் போகிறார்கள். பெயர் தெரியாத டப்பாவில் வெள்ளையாக்கும் கிரீம் விற்கிறது. ஒரே வாரத்தில் முகம் பளபளக்கும். எப்படிப் பளபளக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்ட் கலந்திருப்பது தெரிந்து சுகாதார அமைச்சு பல அழகுப் பொருள்களின் பதிவை ரத்து செய்து அறிவித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய் பூசிக்கொண்டால் மடியில் கிடக்கும் குழந்தைக்கும் ஒட்டும். என் கிளினிக்குக்கு வருகிற "பைப்புத் தண்ணி ஒத்துக்கல" கேஸ்களில் சிலவற்றைத் துருவிக் கேட்டால் பெட்டிக்குள்ளிருந்து ஒரு டப்பா வெளியே வரும். டப்பாவில் என்.ஓ.டி. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தொடாதீர்கள். எண் இருந்தாலும், பூசினால் எரிகிறது என்றால் நிறுத்துங்கள்.

இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. தவணைக்குத் தண்ணீர் ஃபில்டர் விற்க வருகிறவர், "இத மாட்டுனா தோல் வியாதி எல்லாம் போயிரும்" என்கிறார். இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேர் வீட்டில் நீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவியைப் பொருத்தி 12 வாரம் பார்த்தார்கள். கருவி இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் கரப்பானில் வித்தியாசம் தெரியவில்லை. 2011-ல் முடிவு வெளிவந்தது. ஆகவே சம்பளத்தில் பிடித்துக் கட்டும் தவணைக்குக் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வாரம் என் சொல்லைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வீடா, ஒரு லயமா?

சரி, எல்லாப் பழியும் சவுக்காரத்துக்குத்தானா? இல்லை. இங்கேதான் நம் சங்கத்துக்கு வேலை இருக்கிறது.

ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் எரிந்தால் அவருடைய தோலையும் பழக்கத்தையும் பாருங்கள். ஒரு லயத்தில் பல வீட்டுக்காரர்களுக்கு ஒரே வாரத்தில் எரிந்தால் தண்ணீரைப் பாருங்கள். என் அனுபவத்தில் இதைவிட நல்ல சோதனை கிடையாது.

நான் முன்பு வேலை பார்த்த தோட்டமொன்றில் பொதுக் குழாய் கிடையாது. ஆற்றுத் தண்ணீரைப் பம்ப் வைத்து மேட்டுத் தாங்கிக்கு ஏற்றி, பிளீச்சிங் பவுடர் கலந்து லயங்களுக்கு விடுவார்கள். மழை கொட்டிய ஒரு வாரத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். மருந்தடிக்கும் பெண்கள், குலை வெட்டும் ஆண்கள், ஆயாக்கொட்டகைப் பிள்ளை ஒன்று. எல்லாருக்கும் கண் கரிப்பு, முகம் எரிச்சல். பைப்பைத் திறந்தால் பவுடர் வாடை மூக்கைத் துளைத்தது. குளோரின் பார்க்கும் பெட்டியை எடுத்துப் போய்ச் சோதித்தேன். பெட்டியில் இருந்த கடைசி நிறத்தையும் தாண்டிவிட்டது.

பம்ப் வீட்டுக்காரரைக் கேட்டேன். "ஆத்துல தண்ணி கலங்கலா வருது சார். அதான் ரெண்டு டின் சேத்துப் போட்டேன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அளக்க ஒரு கிண்ணம் கிடையாது, எழுத ஒரு புத்தகம் கிடையாது, பயிற்சி கிடையாது. பால் டின்தான் அவருக்கு அளவு. அவரும் நம்மைப் போல் தொழிலாளிதானே? கிளைச் செயலாளர் ஒன்பது பேரின் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நானும் என் குறிப்பைக் கொடுத்தேன். அந்த வாரமே அளவுக் கிண்ணமும் கணக்குப் புத்தகமும் வந்தன. தாங்கியையும் கழுவினார்கள். பத்து நாளில் ஆட்கள் வருவது நின்றது. நான் ஒன்பது பேருக்கும் ஒன்பது டியூப் கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த மழைக்குப் பதினெட்டுப் பேர் வந்திருப்பார்கள்.

குளோரினை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாந்திபேதி, குடல் காய்ச்சல் வராமல் நம் பிள்ளைகளைக் காப்பது அதுதான். ஆனால் அதற்கு அளவு உண்டு. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டர் தண்ணீரில் எஞ்சி நிற்கும் குளோரின் 0.2-லிருந்து 5 மில்லிகிராம் வரை இருக்கலாம். இரும்பு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. புளிப்பு, காரத்தைக் காட்டும் அளவு 6.5-லிருந்து 9 வரை. வெள்ளைத் துணி மஞ்சளாகிறது, வாளியின் அடியில் துருநிற வண்டல் படிகிறது என்றால் இரும்பு அதிகம், வடிகட்டி சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சுண்ணாம்புக்கல் பாறை உள்ள இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருக்கும். சவுக்காரம் நுரைக்காது, முகத்தில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். அங்கெல்லாம் சவுக்காரத்தைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம்.

தண்ணீர் சரியாகும் வரை ஒரு கைவைத்தியம் சொல்கிறேன். குளோரின் வாடை அடித்தால் ஒரு வாளித் தண்ணீரை இரவே பிடித்து வைத்துக் காலையில் பயன்படுத்துங்கள். வாடை பெரும்பாலும் போய்விடும். அல்லது கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் இரண்டு குவளை எடுத்து முகத்தை மட்டும் கடைசியாக அலசுங்கள். வாளியின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுக்காதீர்கள். முக எரிச்சல் போய் டெங்கி வந்த கதை நமக்கு வேண்டாம்.

கேட்பது பிச்சை அல்ல

தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தைப் பற்றி 1990-லேயே சட்டம் வந்துவிட்டது. 446-ஆம் சட்டம் என்பார்கள். அதைத் 2019-ல் திருத்தி, 2020 ஜூன் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. வேலை இடத்தில் ஆளின் நலத்தைக் காக்கும் பொறுப்பை 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளி மேல் வைத்திருக்கிறது. பாராகுவாட் மருந்துக்கு 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் முழுத் தடை வந்தது. அதற்காக மற்ற மருந்துகள் பன்னீர் ஆகிவிடவில்லை. மருந்தடிக்கும் ஆளுக்குக் காட்டிலேயே கை, முகம் கழுவச் சுத்தமான தண்ணீர் வேண்டும். லயத்துக்குத் திரும்பும் வரை மருந்தைக் கன்னத்தில் சுமந்துகொண்டு வரச் சொல்வது நியாயமா?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். உங்கள் லயத்தில் பல பேருக்கு முகம் எரிந்தால், தேதி, வீட்டு எண், தண்ணீரின் நிறம், வாடை, மழை பெய்ததா என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். கண்ணாடிப் போத்தலில் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். எல்லாரும் சேர்ந்து கிளினிக்கில் சொல்லுங்கள், கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். நிர்வாகம் அசையவில்லை என்றால் சுகாதார இலாகாவும் தொழில் இலாகாவும் இருக்கின்றன. அதே பைப்பில் குளிக்கும் வங்காளதேச, இந்தோனேசிய, நேபாளத் தோழர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு எரிந்தால் சொல்ல மொழியும் இல்லை, துணையும் இல்லை.

கண், உதடு வீங்கினால், நீர்க்கொப்புளம் வந்தால், சீழ் வைத்தால், காய்ச்சல் சேர்ந்தால், இரண்டு வாரம் மென்மையாகக் கழுவியும் குறையாவிட்டால் காத்திருக்க வேண்டாம். கிளினிக்குக்கு வாருங்கள். தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்போம்.

அந்த அம்மாவின் முகம் முழுக்க ஆறப் பல மாதம் பிடித்தது. மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, சவுக்காரத்தை நிறுத்தி, வேலைக்காட்டில் முகம் கழுவ ஒரு தோம்புத் தண்ணீர் கேட்டு வாங்கினோம். சிவப்பு நரம்புகள் மட்டும் கொஞ்சம் நின்றுவிட்டன. இப்போதும் அவரைப் பெரட்டில் பார்க்கும்போது எனக்கு உறுத்துகிறது. அன்றைக்குப் பெஞ்சில் சிரித்தவர் ஒருவர் போன வருஷம் கன்னத்தைத் தடவிக்கொண்டே என் முன்னால் வந்து உட்கார்ந்தார். "சார், சவரம் பண்ணிட்டுத் தண்ணி ஊத்துனா எரியுது" என்றார். நான் சிரிக்கவில்லை. மூன்று கேள்விகளையும் கேட்டேன்.

நீங்களும் சிரிக்காதீர்கள். கேளுங்கள்.

— தோட்டத்து மருத்துவ உதவியாளர்